சும்மா இருக்கும் தாடை

அம்மம்மாவுக்கு 78 வயதில் கட்டுப்பல் கட்டினோம். மேலும் கீழும் முழுச் செற். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துக் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டா. மூன்றாம் நாள் பின்னேரம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தா. கதைக்கும்போது பல்லோடு பல் முட்டி டக், டக் என்று சத்தம் கேட்டது.

"சாப்பிடேக்கை நோகேல்லைப் பிள்ளை. சும்மா இருக்கேக்கைதான் நோகுது. வாய் ஆறுதில்லை" என்றா.

பல் கட்டிய இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனோம். "வயது போனால் தாடை அப்படித்தான், பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதமாகியும் பழகவில்லை. 'சும்மா இருக்கேக்கைதான் நோகுது' என்ற வசனத்திலேயே விடை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சும்மா இருக்கும்போது தாடை என்னதான் செய்கிறது, வயது போகப்போக அது மாறுகிறதா என்று தேடி வாசித்ததை, என்னைப்போல் தொடக்கத்திலிருந்து அறிய விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உதட்டை மெல்ல மூடி, கதைக்காமல், விழுங்காமல் நிமிர்ந்து இருங்கள். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டுகின்றனவா? முட்டக்கூடாது. ஓய்வாக இருக்கும் வாயில் உதடு சேர்ந்திருக்கும், பற்கள் விலகியிருக்கும். அந்த விலகல் பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை இருக்கும். படலையைச் சாத்திவிட்டுக் கொண்டி போடாமல் விடுவோமே, அப்படி. வாய் என்றாலே பல்லைச் சேர்த்து மூடுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் முழுவதும் சாப்பிடுவதையும் விழுங்குவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், பல்லோடு பல் உண்மையாக முட்டும் நேரம் 20 நிமிடத்துக்குள்தான் வரும் என்பது பல் வைத்தியத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மிச்ச நேரம் முழுவதும் கீழ்த்தாடை அந்தரத்தில் தொங்குகிறது.

தொங்குகிறது என்றால் எதில்?

கையை எடுத்துக் கன்னத்தின் பின்பக்கம், தாடை மூலையில் வையுங்கள். இப்போது பல்லைக் கடியுங்கள். விரலுக்குக் கீழே கட்டியாக ஒன்று புடைக்கும். அது மசீற்றர் தசை. விரலை நெற்றிப் பொட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி கடியுங்கள். அங்கேயும் ஒன்று அசையும். அது ரெம்பொராலிஸ். பொட்டிலிருந்து காதுக்கு மேலே விசிறிபோல் விரிந்து கிடக்கிற தசை. தாடை எலும்பின் உட்பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, கைக்குத் தட்டுப்படாது. இந்த மூன்றும் தாடையை மேலே இழுப்பவை. தாடையைத் திறக்கும் தசைகளில் முக்கியமானவை நாடிக்கு (முகவாய்க்கட்டைக்கு) கீழே, மெல்லியனவாக இருக்கின்றன. திறப்பதற்குப் புவியீர்ப்பும் கைகொடுப்பதால் அவை பெரிதாக இருக்கத் தேவையில்லை. மூடி வைத்திருப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அந்த வேலையை இரண்டு பேர் பகிர்ந்து செய்கிறார்கள். ஒன்று, தசைக்கும் அதைச் சுற்றியுள்ள சவ்வுகளுக்கும் இயல்பாகவே இருக்கும் இழுவைத்தன்மை. இறப்பர் பட்டியை இழுத்தால் திரும்பி இழுக்குமே, அதுபோல. இதற்கு நரம்பும் தேவையில்லை, சக்தியும் தேவையில்லை. மற்றது, நரம்பு வழியாக வரும் மெல்லிய, தொடர்ச்சியான கட்டளை. இந்த இரண்டில் எதன் பங்கு பெரிது என்று பல் வைத்திய ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பதே இன்றைய பொதுவான நிலைப்பாடு.

நரம்பின் பங்கை ஊரில் எல்லோரும் கண்ணால் கண்டிருக்கிறோம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சி தாண்டி விளக்கை அணைத்து ஒரு மணித்தியாலம் போகட்டும், இருக்கையில் சாய்ந்து தூங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு வாய் திறந்துவிடும். தூக்கம் ஆழமாக ஆழமாகத் தசைகளுக்குப் போகும் கட்டளை குறைகிறது. கனவு காணும் கட்டத்தில் அது கிட்டத்தட்ட நின்றே போகிறது. மயக்க மருந்து கொடுத்தாலும் அப்படித்தான். அதனால்தான் மயக்க வைத்தியர் நோயாளியின் தாடையைக் கையால் தூக்கிப் பிடிக்கிறார். செத்த வீட்டில் நாடிக்கட்டுக் கட்டுவதும் இதனால்தான். உயிர் பிரிந்ததும் கட்டளை முற்றாக நின்று வாய் திறந்துவிடும். சில மணித்தியாலத்தில் உடல் விறைக்கும்போது, முதலில் விறைக்கிற இடங்களில் தாடையும் ஒன்று. திறந்த வாய் அப்படியே விறைத்துப் போகாமல் இருக்க முந்திக் கட்டிவிடுகிறார்கள். இழுவைத்தன்மை மட்டும் போதுமென்றால் நாடிக்கட்டு தேவைப்பட்டிருக்காது.

இந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூடும் தசைகளுக்குள்ளே, சாதாரண இழைகளுக்கு நடுவே, நூல் நூற்கும் கதிர் போன்ற வடிவில் மிகச் சிறிய உணரிகள் இருக்கின்றன. தசைக் கதிர்கள் என்று சொல்வார்கள். தசை கொஞ்சம் நீண்டாலும் இவை கண்டுபிடித்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து உடனே "சுருங்கு" என்று பதில் வரும். நடுவில் ஒரேயொரு நரம்பு இணைப்புத்தான். அதனால் யோசிக்க நேரம் எடுக்காது. நரம்பு வைத்தியர் நாடியில் விரலை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது இதைத்தான். தட்டியதும் தாடை மெல்ல மேலே எகிறும். நல்ல சுகதேகிகள் பலருக்கு அது தெரிந்தும் தெரியாமலும்தான் இருக்கும். உடம்பின் மற்ற இடங்களிலிருந்து உணர்வைக் கொண்டுவரும் நரம்புக் கலங்களில் பெரும்பாலானவற்றின் உடல்கள் மூளைக்கும், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்கும் வெளியே முடிச்சுகளில் இருக்கும். தாடைத் தசைக் கதிர்களுடையவையோ மூளைத்தண்டுக்கு உள்ளேயே குடியிருக்கின்றன. திறக்கும் தசைகளிலோ இந்தக் கதிர்கள் மிகக் குறைவு. தாடை கீழே விழாமல் பார்ப்பதற்குத்தான் உடம்பு காவல் போட்டிருக்கிறது.

குன்றும் குழியுமான ஒழுங்கையில் சைக்கிள் ஓடும்போது இந்தக் காவல் வேலை செய்வதைப் பார்க்கலாம். தலை மேலும் கீழும் குலுங்கினாலும் பல் கடகடவென்று அடிபடுவதில்லை. தாடை ஒவ்வொரு முறை கீழே போகப் பார்க்கும்போதும் தசை அதைப் பிடித்துவிடுகிறது.

இந்த மெல்லிய வேலையை எப்படி அளப்பது? தசை சுருங்கும்போது மிகச் சிறிய மின் அலை எழும். கன்னத்திலும் பொட்டிலும் மின்வாய்களை ஒட்டி அதைப் பதிவு செய்யலாம். ஈ.எம்.ஜி. என்பது இதுதான். பல்லை இறுக்கிக் கடிக்கும்போது நூற்றுக்கணக்கான மைக்ரோவோல்ற் காட்டும் அதே தசை, ஓய்வில் ஒரு சில மைக்ரோவோல்ற் மட்டும் காட்டும். மைக்ரோவோல்ற் என்பது ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நிமிர்ந்து இருக்கும்போது பொட்டுத் தசையில் அது மசீற்றரைவிடக் கொஞ்சம் கூடவாக இருப்பது வழக்கம். தாடையின் நிலையைப் பிடித்து வைக்கும் பொறுப்பு பொட்டுத் தசைக்கு அதிகம்.

1981 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் ஒரு வியப்பான விசயத்தைக் காட்டியது. வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவைத்து, எந்த இடத்தில் தசையின் மின் அலை ஆகக் குறைகிறது என்று பார்த்தார்கள். வழமையான 2, 3 மில்லிமீற்றரில் அல்ல, சராசரியாக 8 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே திறந்தபோதுதான் ஆகக் குறைந்தது. அப்படியென்றால் நாம் ஓய்வு என்று சொல்லும் நிலையில் தசை முழு ஓய்வில் இல்லை. உதட்டைச் சேர்த்து, முகத்தை முகமாக வைத்திருக்க ஒரு சிறு உழைப்பைப் பகல் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

இனி வயதுக்கு வருவோம்.

சின்னப் பிள்ளைகள் இரவில் பல்லை நறுநறுவென்று கடிப்பதைக் கேட்டுப் பயப்படாத தாய் இல்லை. "வயிற்றிலை பூச்சி, பூச்சி மருந்து குடு" என்று ஆச்சிமார் சொல்வார்கள். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர அது தானே நின்றுவிடும். 1994 இல் கனடாவில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், தூக்கத்தில் பல் கடிப்பதாகச் சொன்ன வளர்ந்தவர்கள் மொத்தத்தில் 8 வீதம், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 3 வீதம்தான். ஆக, வயது போகப்போகத் தாடை இறுகிக்கொண்டே போகும் என்ற எண்ணத்துக்கு இது நேர் எதிர்.

வயதோடு உண்மையாகவே மாறுவது தசையின் பருமன். மூடும் தசைகள் மெலிகின்றன. ஸ்கான் படங்களில் அவற்றின் குறுக்குவெட்டு சுருங்குவது தெளிவாகத் தெரிகிறது, பல் இல்லாதவர்களிடம் இன்னும் கூடுதலாக. முழுப் பலத்தோடு கடிக்கும் விசையும் குறைகிறது. இளவயதில் புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை) கொடுப்புப் பல்லில் வைத்து முறித்தவர்கள், பிறகு அதை உரலில் இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்துச் சாப்பிடுவதற்குப் பாதிக் காரணம் இது. மிச்சப் பாதி பல். எத்தனை பல் மிஞ்சியிருக்கிறது என்பதைக் கேட்காமல் வயதை மட்டும் கேட்டுக் கடி விசையை மதிப்பிட முடியாது.

தசை இழைகளின் வகையும் மாறுகிறது. அதுவும் கை கால்களுக்கு எதிர்த்திசையில். முதுமையில் கை கால் தசைகளில் வேகமாகச் சுருங்கும் இழைகளே முதலில் தேய்கின்றன. மசீற்றரில் மெதுவான இழைகளின் பங்கு குறைந்து, வேகமான வகைப் புரதத்தின் பங்கு கூடுவதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 1990களில் காட்டினார்கள். அதனால் முழங்காலுக்கு நடப்பதை வைத்துத் தாடைக்குக் கணக்குப் போடக்கூடாது.

ஆனால் ஓய்வில் இருக்கும் தாடையின் மின் அலை வயதோடு கூடுகிறதா, குறைகிறதா என்று கேட்டால், ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வதில்லை. தலையைப் பின்னால் சாய்த்தால் பல் இடைவெளி கூடும், நாடியை நெஞ்சோடு குனிந்தால் குறையும். இப்போதே செய்து பாருங்கள். மின்வாய்க்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு எவ்வளவு, தோல் எப்படி, அன்றைக்கு மனம் எப்படி, முதல்நாள் நித்திரை எப்படி என்பதெல்லாம் அந்த ஒரு சில மைக்ரோவோல்ற்றைக் கலைத்துவிடும். 25 வயதுக்காரர் ஒருவருக்கும் இன்னொரு 25 வயதுக்காரருக்கும் நடுவிலேயே பெரிய வித்தியாசம் வரலாம். எனக்கு இதில் பெரிய மர்மம் தெரியவில்லை. தாடையைத் தாங்குவதற்குத் தசையின் மொத்தப் பலத்தில் மிகச் சிறிய துளிதான் வேண்டும். பாதி மெலிந்த தசைக்கும் அந்தத் துளி இருக்கிறது. முதுமை எடுத்துக்கொண்டு போவது உச்சப் பலத்தை. தாங்கும் பலம் அநேகமாக அடிவரை மிஞ்சுகிறது.

அப்படியானால் வயதானவர்களின் முகமும் தாடையும் மாறுவது ஏன்? பெரும்பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. 1942 இல் தொம்சன், புரொடி என்ற இரண்டு பல் வைத்திய அறிஞர்கள், தாடையின் ஓய்வு நிலை பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாதது, பல் போனாலும் மாறாதது என்று எழுதினார்கள். அதை நம்பியே பல காலம் கட்டுப்பல் செய்தார்கள். 1950களில் பல்லைக் கழற்றிய பிறகும் அதே ஆட்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தவர்கள் அது அப்படியில்லை என்று கண்டார்கள். பல் போனதும் ஓய்வு நிலையும் நகர்கிறது. தால்கிரென் என்ற ஆய்வாளர் கட்டுப்பல் அணிந்தவர்களை 25 வருடக் காலப்பகுதிக்குத் தொடர்ந்து 1972 இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பல் போன இடத்து எலும்பு கரைந்துகொண்டே போகிறது, கீழ்த்தாடையில் மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. நாடி மேலேறி மூக்கோடு கிட்ட வருவது அதனால்தான். அந்த முகத்தைப் பார்த்து முதுமை என்கிறோம். பல்லை வைத்திருந்தால் 80 வயதிலும் அந்த முகம் அந்த அளவுக்கு வராது.

எங்கள் பக்கத்தில் பல்லும் முரசும் கெடுவதற்கு வெற்றிலை பாக்கு ஒரு பெரிய காரணம் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அம்மம்மாவுக்கு ஐம்பது வயதுகளிலேயே கொடுப்புப் பல் போய்விட்டது. அதன்பிறகும் சின்ன உரலில் இடித்துப் போட்டா. பாக்கு பல்லை மட்டும் கெடுப்பதில்லை. கன்னத்தின் உட்தோலை விறைக்கச் செய்து, வாயைத் திறக்கவே முடியாதபடி ஆக்கும். அதிலிருந்து புற்றுநோய் வரலாம். இலங்கை ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். உங்கள் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியவில்லை என்றால், அதை வயதின் கணக்கில் எழுதாமல் உடனே காட்டுங்கள்.

வயதின் தலையில் கட்டக்கூடாதவை வேறும் உண்டு. காலையில் சரியாக இருந்து, பின்னேரமாக ஆகத் தாடை தொங்கி, கையால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிற முதியவரைக் கண்டால், சாப்பாட்டின் நடுவிலேயே மெல்லக் களைத்துப் போகிறவரைக் கண்டால், அது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வரும் மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். மருந்து இருக்கிற நோய் அது. சும்மா இருக்கும்போதும் வாய் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தால், நெடுங்காலமாகக் குடித்துவரும் சில மனநோய் மருந்துகளின் பக்கவிளைவாக இருக்கலாம். மருந்தைத் தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காயம் பட்ட சில நாளில் வாய் பூட்டிக்கொண்டால் அது ஏற்புவலியாக (ரெற்றனஸ்) இருக்கலாம். மசீற்றரில்தான் அது பெரும்பாலும் முதலில் காட்டும். மண்வெட்டி பட்டதும் "ஏற்பு ஊசி போட்டாச்சோ" என்று ஊரில் கேட்பது மிகச் சரியான கேள்வி.

இளம் ஆட்களிடம் நான் காணும் பிரச்சினை இதற்கு மறுபக்கம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கணினிக்கு முன்னால் இருப்பவர்கள், ஃபோனைக் குனிந்து பார்ப்பவர்கள், தமக்குத் தெரியாமலே பல்லோடு பல்லைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இறுக்கிக் கடிக்கத் தேவையில்லை, மெல்ல முட்டிக்கொண்டிருந்தாலே தசை ஓயாது. பின்னேரத் தலையிடியும் பொட்டு வலியும் பலருக்கு இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மேசையில் கண்படும் இடத்தில் ஒரு புள்ளி போட்டு வைத்து, அதைக் காணும்போதெல்லாம் பல் விலகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சிறிய வேலை, பலன் தெரியும்.

அம்மம்மாவை இரண்டாவதாகப் பார்த்த பல் வைத்தியர் வாயைத் திறக்கவே சொல்லவில்லை. மூக்கு நுனியில் பேனையால் ஒரு புள்ளி, நாடியில் ஒரு புள்ளி. கட்டுப்பல்லைக் கழற்றவைத்து, நிமிர்த்தி இருத்தி, "அம்மா எண்டு சொல்லுங்கோ" என்றார். அம்மம்மா சொன்னா. "இன்னொருக்கா, 'ம்'மிலை நில்லுங்கோ." உதடு சேர்ந்த இடத்தில் தாடை ஓய்வு நிலைக்குக் கிட்ட வந்து நிற்கும். அடிமட்டத்தால் இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தார். பிறகு கட்டுப்பல்லைப் போட்டுக் கடிக்கச் சொல்லி மறுபடி அளந்தார். இரண்டாவது அளவு முதலாவதைவிட 2, 3 மில்லிமீற்றர் குறைய வேண்டும். குறையவில்லை. இரண்டும் ஒன்று. அதாவது பல் மிக உயரமாகக் கட்டப்பட்டிருந்தது. அம்மம்மா வாயைத் தளர்த்தி வைத்தாலும் பல்லோடு பல் முட்டியபடியே இருந்தது. ஒரு மாதமாக அந்த மெலிந்த தசைகள் ஒரு நிமிடமும் ஓயவில்லை. கதைக்கும்போது டக், டக் என்று கேட்டதும் இடைவெளி இல்லாததால்தான்.

"இது உங்கட வயசில்லை அம்மா, பல்லின்ரை உயரம்" என்றார்.

புதிதாகச் செய்தார்கள். இந்த முறை மெழுகில் பல்லை அடுக்கிப் பார்த்த நாளிலேயே "அம்மா" சொல்லவைத்து அளந்தார்கள். இப்போது பகலில் போட்டுக்கொண்டு திரிகிறா, இரவில் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போடுகிறா. நேற்று மத்தியானம் சாய்மனைக் கதிரையில் நித்திரை. உதடு சேர்ந்திருந்தது. கன்னத்தில் கையில்லை. கொஞ்ச நேரத்தில் தூக்கம் ஆழ்ந்ததும் வாய் மெல்லத் திறந்துகொண்டது.